மரவள்ளி ஆலைக் கழிவுநீர்: புளிப்பதற்கு முன்னும் பின்னும்

மரவள்ளிக் கிழங்கை அரைத்து மாவு எடுக்கும் ஆலையின் கழிவுநீரில் இருப்பவை பெரும்பாலும் மாவு, சர்க்கரை, கொஞ்சம் புரதம், நார். கிருமிகள் இவற்றை விரும்பித் தின்னும். அதனால்தான் தொல்லையே வருகிறது. சில மணி நேரத்திலேயே தண்ணீர் புளிக்கத் தொடங்கி, பிஎச் 4க்கு அருகில் இறங்கி, கரைந்திருந்த ஆக்சிஜன் முழுவதும் தீர்ந்து, பியூட்டிரிக் அமிலத்தின் குமட்டும் வாடை கிளம்பிவிடுகிறது. இந்தப் புளிப்பை எங்கே அனுமதிப்பது, எங்கே தடுப்பது என்று தெரிந்துகொண்டால் சுத்திகரிப்பில் பாதி வேலை முடிந்தது.

முதலில் எந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கிழங்கு கழுவும் நீரில் மண், மணல், தோல் துணுக்குகள் மிகுதி, கரைந்த பொருள் குறைவு. அரைத்து வடிகட்டிய மாவுப்பால் தொட்டியில் படிந்தபின் மேலே நிற்கும் தெளிநீர்தான் அளவிலும் சுமையிலும் பெரியது. திப்பியை, அதாவது மாவு எடுத்தபின் எஞ்சும் சக்கையைப் பிழிந்தால் வரும் நீர் அளவில் குறைவு, ஆனால் மிக அடர்த்தி. தண்ணீரே சேர்க்காமல் துருவிய கிழங்கைப் பிழிந்தெடுக்கும் சாறு இவை எல்லாவற்றையும் விடக் கடுமையானது. நீரில் உள்ள கரிமப் பொருளை வேதிமுறையில் எரிக்க ஆகும் ஆக்சிஜனின் அளவுதான் வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது சிஓடி. அந்தச் சாற்றில் இது லிட்டருக்கு 50,000 மில்லிகிராமைத் தாண்டுவது சாதாரணம். மாவு ஆலையின் கலப்புக் கழிவுநீரில் இது பொதுவாக 5,000 முதல் 20,000 வரை இருக்கும். பிஓடி, அதாவது கிருமிகள் கழிவைச் சிதைக்கும்போது செலவாகும் ஆக்சிஜனின் அளவு, அதில் பாதிக்கு மேல். வீட்டுக் கழிவுநீரின் பிஓடி 200, 300 என்ற அளவில்தான் இருக்கும் என்பதை நினைத்தால், நடுத்தர ஆலை ஒன்றின் வாய்க்கால் ஒரு சிறு நகரத்தின் சாக்கடைக்குச் சமமான சுமையைத் தூக்கி வருவது புரியும்.

இந்த நீர் எல்லாவற்றையும் ஒரே வாய்க்காலில் விடுவதுதான் பல ஆலைகளில் நடக்கும் முதல் தவறு. கழுவும் நீரின் மண், காற்றுப் படாமல் கிருமிகள் கழிவைச் சிதைக்கும் காற்றில்லாத் தொட்டிக்குள் போனால் அடியில் கெட்டியாகி, வருடாவருடம் தொட்டியின் கொள்ளளவைத் தின்றுவிடும். அதைத் தனி மணல் தொட்டியில் படியவைத்து மீண்டும் கழுவவே பயன்படுத்தலாம். மாவுத் தொட்டியின் தெளிநீரில் ஒரு பங்கைக் கிழங்கின் முதல் கழுவலுக்குத் திருப்பினால் புதுத் தண்ணீரின் தேவை வெகுவாகக் குறையும். அரைக்கும் இடத்துக்கு மட்டும் அந்த நீரைத் திருப்பக் கூடாது. புளித்த நீர் பட்டால் மாவின் நிறமும் மணமும் கெடும்.

அடுத்தது, நழுவிப்போகும் மாவு. ஒரு கிலோ மாவு தண்ணீரோடு வெளியேறினால் அது ஏறத்தாழ 1.19 கிலோ சிஓடி. லிட்டருக்கு 3 கிராம் மாவு மிதந்து போகிறதென்றால், 8,000 சிஓடி உள்ள நீரில் 3,500க்கும் மேல் அந்த மாவிலிருந்தே வருகிறது. விற்க வேண்டிய பொருளைச் சுத்திகரிப்புத் தொட்டிக்கு அனுப்பிவிட்டு, அதை அழிக்கவும் செலவு செய்வதாகிவிடும். இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். வெளியேறும் நீரை ஒரு லிட்டர் கூம்புக் கண்ணாடியில் பிடித்து ஒரு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் வெள்ளைப் படிவு கண்ணுக்குத் தெரிந்தால் படிவுத் தொட்டி போதவில்லை என்று பொருள்.

போதுமா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது தொட்டியின் ஆழத்தைவிடப் பரப்பளவு. மரவள்ளி மாவுத் துகள்கள் 5 முதல் 35 மைக்ரான் வரை இருக்கும். 15 மைக்ரான் துகள் அசையாத நீரில் மணிக்கு 25, 30 சென்டிமீட்டர் இறங்கும். 10 மைக்ரான் துகள் 12 சென்டிமீட்டர். 5 மைக்ரான் துகளோ 3 சென்டிமீட்டர்தான். மணிக்கு 10 கன மீட்டர் நீர் வருகிறது, 10 மைக்ரான் வரை பிடிக்க வேண்டும் என்றால், 10ஐ 0.12ஆல் வகுத்துச் சுமார் 83 சதுர மீட்டர் பரப்பு தேவை. நீர் ஒரு மூலையில் விழுந்து நேராக மறுமூலைக்கு ஓடினால் இந்தக் கணக்கு செல்லாது. உள்வாயில் தடுப்புச் சுவர், வெளிவாயில் அகலமான வழிவிளிம்பு இரண்டும் வேண்டும். படிந்த மாவை நாட்கணக்கில் விட்டால் அடியில் நொதித்து, வாயுக் குமிழிகள் அதைக் கிளப்பி மீண்டும் மேலே கொண்டுவந்துவிடும். அன்றாடம் எடுத்துவிடுவது நல்லது.

தோலும் திப்பியும் குவிந்திருக்கும் இடத்தைப் பலர் கழிவுநீர்க் கணக்கில் சேர்ப்பதே இல்லை. உலர் எடையில் திப்பியின் பாதிக்கு மேல் இன்னும் மாவுதான். குவியலின் அடியிலிருந்து கசியும் நீரும், மழையில் கழுவி ஓடும் நீரும் ஆலையின் மற்ற நீரைவிட அடர்த்தியானவை. குவியல் நிற்கும் தரைக்குச் சிமெண்ட் போட்டு, சரிவு கொடுத்து, அதன் வடிகாலை முதன்மைத் தொட்டியோடு இணைக்க வேண்டும். கிணறு கெட்டுப்போன இடங்களில் முதலில் இந்தக் கசிவைத்தான் தேட வேண்டும்.

இனி சயனைடு. கிழங்கில் லினமரின் என்ற பொருள் இருக்கிறது. அதன் உடன்பிறப்பான லோட்டாஸ்ட்ராலின் சிறிதளவு. லினமரேஸ் என்ற நொதி செல்லின் சுவரில் தனியே இருக்கிறது. கிழங்கை அரைக்கும்போது செல் உடைந்து இரண்டும் சந்திக்கின்றன. லினமரின் உடைந்து அசிட்டோன் சயனோஹைட்ரின் ஆகிறது. அது மீண்டும் உடைந்தால் அசிட்டோனும் ஹைட்ரஜன் சயனைடும் கிடைக்கும். ஹைட்ரஜன் சயனைடு 26 டிகிரி செல்சியசிலேயே கொதித்து ஆவியாகும் பொருள். ஆகவே திறந்த தொட்டியில் வைத்தால் தானே பறந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையில் ஓர் ஓட்டை இருக்கிறது.

அமிலம் மிகுந்த நீரில், பிஎச் 5க்குக் கீழே, சயனோஹைட்ரின் எளிதில் உடையாது. புளித்த நீரில் சயனைடு இந்த உருவத்தில் பூட்டிக்கிடக்கும். யாராவது சுண்ணாம்பு போட்டு பிஎச்சை 6, 7க்கு உயர்த்தும்போது பூட்டு திறந்து, ஹைட்ரஜன் சயனைடு குறுகிய நேரத்தில் வெளியேறும். அந்த பிஎச்சில் அது அயனியாக நீரில் தங்காது. 9.2க்கு மேல் போனால்தான் பாதிக்கு மேல் அயனியாக நிற்கும். ஆகவே சுண்ணாம்புத் தொட்டிதான் ஆலையில் சயனைடு ஆவி அதிகம் கிளம்பும் இடம். அதை மூடிய அறைக்குள்ளும் ஆட்கள் உட்காரும் கொட்டகையின் அடியிலும் கட்டவே கூடாது. திறந்த வெளியில், காற்று ஆலைப் பக்கம் அடிக்காத திசையில் கட்டுங்கள். கசப்புக் கிழங்கு வரும் நாட்களிலும், வறட்சிக்குப் பின் அறுவடையான கிழங்கு வரும் நாட்களிலும் சயனைடு கூடுதலாக இருக்கும். தோலில் சதையை விடப் பல மடங்கு இருக்கும் என்பதால், தோலை உரித்துவிட்டு அரைக்கும் ஆலையின் நீர் இந்த விஷயத்தில் இலகுவானது.

அளவிடுவதிலும் ஏமாற வாய்ப்புண்டு. வேறெதனோடும் பிணையாமல் இருக்கும் சுதந்திர சயனைடை மட்டும் அளக்கும் சோதனை லினமரினைக் காட்டாது. மாதிரி எடுத்த இடத்திலேயே சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து பிஎச்சை 12க்கு மேல் உயர்த்தி, குளிரில், இருட்டில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அப்படிச் செய்தால் சயனோஹைட்ரின் உடைந்து சயனைடாகவே நின்றுவிடும், கணக்கில் வரும். வெறும் பாட்டிலில் அனுப்பினால் வழியிலேயே பறந்துபோய், தாளில் நல்ல எண் வரும். மீன்களுக்கு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் சுதந்திர சயனைடே உயிரைக் குடிக்கப் போதும். தாளில் உள்ள எண்ணை நம்பி நீரை ஓடையில் விடுவது எவ்வளவு பெரிய பாவம் என்று சொல்லத் தேவையில்லை.

குளோரின் போட்டுச் சயனைடை அழிக்கலாமே என்ற கேள்வி அடிக்கடி வரும். சுத்திகரிக்காத கழிவுநீரில் அது வீண் செலவு, ஆபத்தும் கூட. சேர்க்கும் குளோரினை எல்லாம் கரிமப் பொருளே தின்றுவிடும். பிஎச் குறைவாக இருந்தால் சயனோஜன் குளோரைடு என்ற நச்சு வாயு உருவாகும். பழகிய கிருமிகள் இந்தச் சயனைடைக் குறைந்த செலவில் சிதைத்துவிடும். அவற்றைப் பழக்குவதற்கு வேண்டிய பொறுமைதான் நம்மிடம் இருக்க வேண்டும்.

சுமை இவ்வளவு அதிகமுள்ள நீரை நேராகக் காற்றூட்டிச் சுத்திகரிக்க முயல்வது மின்கட்டணத்தில் மூழ்கும் வழி. முதலில் காற்றில்லா முறை, கடைசியில் மட்டும் காற்று. காற்றில்லா முறைக்கு முன்னால் ஒரு சமன்படுத்தும் தொட்டி கட்டாயம். 12 முதல் 24 மணி நேர நீரைத் தாங்கும் அளவு இருந்தால், ஆலை ஓடும் பத்து மணி நேர நீரை இரவு முழுவதும் சீராகச் செலுத்தலாம். இங்கேதான் புளிப்பை அனுமதிக்க வேண்டும். சர்க்கரையும் மாவும் பாதியளவு அமிலமாக மாறியபின் காற்றில்லாக் கலனுக்குள் போனால், அங்கே கிருமிகள் திரண்டு உருவாகும் சேற்றுக் குருணைகள் திடமாக வளரும். புளிக்காத மாவு நேராகப் போனால் குருணைகளின் மேல் பஞ்சு போன்ற வளர்ச்சி ஏற்பட்டு, அவை மிதந்து, தெளிநீரோடு வெளியேறிவிடும். மாவை வெளுக்க ஹைப்போகுளோரைட் பயன்படுத்தும் ஆலைகள் அந்த நீரை இந்தத் தொட்டியில் ஒரேயடியாகக் கொட்டாமல், மெல்ல மெல்லக் கலக்கவிட வேண்டும். கந்தகப் புகையோ மெட்டாபைசல்பைட்டோ பயன்படுத்தினால் அது உள்ளே ஹைட்ரஜன் சல்பைடாக மாறி வாயுவோடு வெளிவரும்.

ஒரு கணக்கு பார்ப்போம். நாளொன்றுக்கு 100 கன மீட்டர் நீர், சிஓடி 8,000. சுமை 800 கிலோ. மேல்நோக்கி ஓடும் சேற்றுப் படுகை முறையில், அதாவது யுஏஎஸ்பியில், கன மீட்டருக்கு நாளொன்றுக்கு 4 கிலோ என்று எடுத்துக்கொண்டால் 200 கன மீட்டர் கொள்ளளவு வேண்டும். 5 மீட்டர் உயரம் என்றால் தரைப்பரப்பு 40 சதுர மீட்டர். நீரை 24 மணி நேரத்துக்கும் சீராகச் செலுத்தினால் மேலேறும் வேகம் மணிக்கு 0.1 மீட்டர்தான். சேறு அசையாமல் கிடக்கும், நீர் ஒரே வழியாகத் துளைத்துக்கொண்டு போகும். வெளிவரும் நீரில் நான்கு பங்கை எடுத்து ஒரு பங்கு புது நீரோடு கலந்து மீண்டும் செலுத்தினால் வேகம் 0.5 மீட்டருக்கு வரும். 80 விழுக்காடு சிஓடி குறைந்து 1,600 ஆகிறது என்று கொண்டால், கலந்த நீரின் சிஓடி 2,880 என்ற இதமான அளவுக்கு இறங்கும். இதைவிட முக்கியமான லாபம் ஒன்று உண்டு. வெளிவரும் நீரில் கிருமிகள் உண்டாக்கிய பைகார்பனேட் காரம் இருக்கிறது. அது புது நீரின் அமிலத்தைத் தாங்கிக்கொள்ளும். சுண்ணாம்புச் செலவு அந்த அளவுக்குக் குறையும். மறுசுழற்சிப் பம்பு இல்லாமல் இந்த முறையைத் தொடங்கவே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

தொடக்கத்தில் அவசரப்படுபவர்களே அதிகம். வேறொரு வாயுக்கலனிலிருந்து உயிர்ப்புள்ள சேறு கிடைத்தால் கொள்ளளவில் 20, 30 விழுக்காடு போடுங்கள். கிடைக்காவிட்டால் மாட்டுச் சாணத்தை நன்றாகக் கரைத்து, வைக்கோல் நாரை வடிகட்டி நீக்கிவிட்டுப் போடலாம். ஆனால் அது தேற மாதங்கள் பிடிக்கும். முதலில் கன மீட்டருக்கு 0.5 கிலோ சுமையில் தொடங்கி, சிஓடி குறைவு 70 விழுக்காட்டைத் தாண்டி நிலைத்தபின்தான் அடுத்த படி. சயனைடுக்குப் பழகாத மீத்தேன் கிருமிகள் லிட்டருக்கு ஒருசில மில்லிகிராமிலேயே முடங்கிவிடும். படிப்படியாகப் பழக்கினால் அதைப் போலப் பல மடங்கைத் தாங்கும். முடங்கினாலும் பெரும்பாலும் சாவதில்லை. சுமையை நிறுத்திச் சில நாள் காத்திருந்தால் மீளும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள பிஎச் மீட்டரை மட்டும் நம்பக் கூடாது. காரம் தீரும் வரை பிஎச் நல்லபடியாகவே காட்டிக்கொண்டிருந்து, தீர்ந்ததும் சடாரென்று விழும். அதற்கு முன்பே எச்சரிக்கை தருவது ஓர் எளிய அமிலச் சோதனை. தொட்டி நீரை வடிகட்டி 50 மில்லி எடுத்து, 0.1 நார்மல் கந்தக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு பிஎச் 5.75க்கு இறக்கி, ஆன அமிலத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 5.75லிருந்து 4.3 வரை இறக்க எவ்வளவு ஆனது என்று பாருங்கள். இரண்டாவது அளவை முதல் அளவால் வகுத்தால் வருவது 0.3க்குக் கீழே இருந்தால் நிம்மதி. 0.4ஐத் தாண்டினால் அன்றே சுமையைப் பாதியாக்குங்கள். 0.8க்கு மேல் என்றால் புது நீரை நிறுத்திவிட்டு மறுசுழற்சியை மட்டும் ஓடவிடுங்கள். இதை நாள்தோறும் செய்யும் ஆலையில் கலன் புளித்துப்போவது அரிது.

புளிக்கத் தொடங்கிய கலனில் சுண்ணாம்பை அள்ளிக் கொட்டுவது பலர் செய்யும் முதலுதவி. அது மேலே உள்ள கார்பன் டைஆக்சைடை இழுத்துக்கொள்ளும். மூடிய கலனில் வாயு அழுத்தம் சட்டென்று இறங்கி, வெற்றிடம் உண்டாகி, மூடி உள்ளே வாங்கலாம், காற்று உள்ளே புகலாம். சேற்றின் மேல் சுண்ணாம்புக்கல் படிவும் ஏறும். அவசரத்துக்குச் சோடியம் பைகார்பனேட்தான் பாதுகாப்பு. ஒரு கிலோ பைகார்பனேட், கால்சியம் கார்பனேட் கணக்கில், 0.6 கிலோ காரம் தரும். 200 கன மீட்டர் கலனில் காரத்தை லிட்டருக்கு 500 மில்லிகிராம் உயர்த்த 100 கிலோ காரம், அதாவது ஏறத்தாழ 168 கிலோ பைகார்பனேட் தேவை. விலை கூடத்தான். அதனால் இது மருந்து, அன்றாடச் சாப்பாடு ஆகக் கூடாது. அன்றாடத் தேவைக்குச் சமன்படுத்தும் தொட்டியில் அளந்து போட்ட சுண்ணாம்பும் மறுசுழற்சியும் போதும். எவ்வளவு சுண்ணாம்பு என்பதை 10 லிட்டர் வாளி நீரில் போட்டுப் பார்த்தே முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு ஆலை நீரும் வேறுவிதமாகக் கேட்கும்.

கிருமிகளுக்கு வேண்டிய தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) குறைகிறதா என்று பார்க்க வேண்டும். சிஓடி 350க்குத் தழைச்சத்து 5, மணிச்சத்து 1 என்பது தொடக்கத்துக்கு ஏற்ற விகிதம். 800 கிலோ சுமைக்கு 11.4 கிலோ தழைச்சத்து. நீரிலேயே லிட்டருக்கு 100 மில்லிகிராம் இருந்தால் 10 கிலோ கிடைத்துவிடுகிறது. மீதிக்கு 3 கிலோ யூரியா போதும். அளந்து பார்க்காமல் மூட்டை மூட்டையாக யூரியா கொட்டினால் அது அம்மோனியாவாகக் கடைசி நீரில் வந்து நிற்கும்.

வாயுவின் கணக்கு மகிழ்ச்சியானது. ஒரு கிலோ சிஓடி சிதைந்தால் 0.35 கன மீட்டர் மீத்தேன். மேலே சொன்ன ஆலையில் நாளொன்றுக்குச் சுமார் 224 கன மீட்டர். வெப்பத்தில் இது 220 லிட்டர் டீசலுக்கு நிகர். மாவு உலர்த்தும் அடுப்புக்கு நேராகக் கொண்டுபோகலாம். போகும் வழியில் நீர்ப்பூட்டும் சுடர்த் தடுப்பானும் வேண்டும். ஹைட்ரஜன் சல்பைடை இரும்புத்தூள் படுகையில் பிடிக்காவிட்டால் எரிப்பான் அரித்துப்போகும். அடுப்பு நிற்கும் நாளில் வாயுவை எரித்துவிட ஒரு தீக்கொழுந்துக் குழாயும் இருக்கட்டும்.

இடம் தாராளமாக இருந்து, இயக்க ஆள் குறைவாக இருந்தால் மூடிய குளம் நல்ல தேர்வு. 4, 5 மீட்டர் ஆழம், அடியில் தடித்த பாலிஎத்திலீன் விரிப்பு, மேலே வாயு பிடிக்கும் விரிப்பு. நீர் சில வாரங்கள் தங்கும் என்பதால் அதிர்ச்சிகளைத் தாங்கும். மேல் விரிப்பில் தேங்கும் மழைநீரை உடனுக்குடன் இறைத்துவிட வேண்டும். அடியில் சேறு எடுக்கும் குழாயைக் கட்டும்போதே பதித்துவிட வேண்டும். பிறகு பதிக்க வழியில்லை. விரிப்பில்லாத திறந்த மண்குளம் மட்டும் வேண்டவே வேண்டாம். வாடை ஊரை விரட்டும், கசிவு நிலத்தடி நீருக்குப் போகும், எரிபொருளாக வேண்டிய மீத்தேன் வானத்துக்குப் போகும்.

காற்றில்லா நிலையைக் கடந்த நீரில் இன்னும் ஆயிரத்துக்கு மேல் சிஓடி இருக்கும். இதற்குத்தான் காற்றூட்டம். கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினாலோ, தழைச்சத்து குறைந்தாலோ, முதல் நிலை புளித்துப்போய் அமிலத்தை அனுப்பினாலோ நூல் போன்ற கிருமிகள் பெருகிச் சேறு உப்பும். அரை மணி நேரத்தில் படிய வேண்டிய சேறு படியாமல் கடைசித் தொட்டியைத் தாண்டி ஓடும். இதைக் கண்டால் காற்றூட்டியை மட்டும் குறைசொல்லாமல் முதல் நிலையின் அமிலச் சோதனையைப் பாருங்கள். பெரும்பாலும் காரணம் அங்கேதான் கிடைக்கும். அதன்பின் ஒன்றரை மீட்டருக்கு மிகாத ஆழமுள்ள ஆழமற்ற குளத்தில் சில நாள் வெயில் பட்டால் எஞ்சிய சயனைடும் வாடையும் அடங்கும். அந்த நீரில் சாம்பல்சத்து மிகுந்திருக்கும் என்பதால் பாசனத்துக்கு ஏற்றதுதான். ஆனால் உப்பும் சேர்ந்திருக்கும். நல்ல நீரோடு கலந்து, வயலின் மண்ணை அவ்வப்போது சோதித்து விடுங்கள். சுத்திகரிக்காத நீரைப் பாய்ச்சினால் மாவு மண்ணின் துளைகளை அடைத்து வேர் மூச்சுத் திணறும்.

ஆட்களின் உயிரைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னாலும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். சமன்படுத்தும் தொட்டி, சேறு எடுக்கும் குழி, மூடிய வாய்க்கால் எதிலும் காற்றுக் கருவியால் அளக்காமல் ஒருவரும் இறங்கக் கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு முதலில் மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும், வாடை போய்விட்டது என்று நினைக்கும் இடத்தில்தான் ஆள் விழுவார். ஹைட்ரஜன் சயனைடின் மணம் பலருக்குத் தெரிவதே இல்லை. விழுந்தவரைத் தூக்க அடுத்தவர் குதிப்பதால்தான் ஒரே குழியில் பலர் இறக்கிறார்கள். சேற்றை மேலிருந்தே பம்பு வைத்து எடுக்கும்படி தொட்டியைக் கட்டிவிட்டால் இறங்க வேண்டிய தேவையே வராது.

மரவள்ளி அறுவடை பருவத்தைச் சார்ந்தது. ஆலை நிற்கும் மாதங்களில் சேற்றைக் காலி செய்துவிடாதீர்கள். நீர் வடியாமல், வெயிலில் காயாமல் வைத்தால் அது மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மீண்டும் தொடங்கும்போது பழைய சுமையில் 20, 30 விழுக்காட்டிலிருந்து ஆரம்பித்து, சயனைடுக்கு அதை மறுபடி பழக்கி, அமிலச் சோதனை 0.3க்குக் கீழே நிற்கும் வரை அதே படியில் நில்லுங்கள். பருவத்தின் முதல் லாரிக் கிழங்கு வந்திறங்குவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே திப்பிக் கரைசலோ கெட்டுப்போன மாவுக் கரைசலோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துச் சேற்றை எழுப்பி வைத்துவிட்டால், ஆலை முழு வேகம் எடுக்கும் நாளில் கலனும் தயாராக இருக்கும்.